திருப்பாதிரிப்புலியூர் கிளினிக்கின் மஞ்சள் அட்டைக் கோப்பு: இருக்கும் நோய் வேறு, இருந்த நோய் வேறு

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இயங்கும் பொது மருத்துவர் கிளினிக்கைப் பற்றி எழுதுகிறேன். டாக்டர் அம்மாவின் கைராசியை ஊரே பேசுகிறது. நான் எழுத வந்தது, முதல் முறை போகிறவர்களுக்கு அங்கே திறக்கும் மஞ்சள் அட்டைக் கோப்பைப் பற்றி. கடலூரிலும் புதுச்சேரியிலும் நாங்கள் ஏறி இறங்கிய மருத்துவமனைகள் எதிலும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அட்டையைத் திறந்தால் இடப்பக்கம் ‘இப்போது இருப்பவை’, வலப்பக்கம் ‘இருந்து முடிந்தவை’. வலப்பக்கத்தின் அடியில் கோடு போட்டு அறுவைச் சிகிச்சைகள். மேலட்டையில் சிவப்பு மையில் ஒவ்வாமை. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு வரி: எப்போது தொடங்கியது, எதை வைத்து உறுதி செய்தார்கள், என்ன சிகிச்சை, எப்போது முடிந்தது, உடம்பில் எதை விட்டுப் போயிருக்கிறது. முடிந்த காலம் தெரியாமல் எந்த நோயையும் வலப்பக்கம் எழுதுவதில்லை. நோயின் பெயர் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில். நம் கைக்கு ஒரு ஜெராக்ஸ் வரும்.

என் கணவரின் கோப்பில் வலப்பக்க முதல் வரி இது: ‘நுரையீரல் காசநோய். 2008. சளியில் கிருமி இருந்தது. 6 மாத மருந்து முழுவதும் முடிந்தது. கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. வலது மேல் நுரையீரலில் தழும்பு உண்டு. எக்ஸ்ரேயில் எப்போதும் தெரியும்.’

இந்த ஒரு வரி இல்லாததால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அவர் அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். 2008-இல் இருமல் விடாமல் இருந்து, சளியில் காசநோய்க் கிருமி தெரிந்தது. அப்போது நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுத்த காலம். அவர் பெயர் எழுதிய மருந்துப் பெட்டி ஒன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும். முதல் 2 மாதம் வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போய் ஊழியர் கண்ணெதிரில் விழுங்க வேண்டும். அடுத்த 4 மாதம் வாரத்தின் முதல் வேளை அங்கே, மற்றவை வீட்டில். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்துப் பயந்தவரை, மருந்தின் நிறம்தான் அது என்று அந்த ஊழியர்தான் தேற்றினார். ஒரு வேளைகூடத் தவறவில்லை. முடிவில் அட்டையில் ‘குணமடைந்தார்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த அட்டை இன்றும் என் பீரோவில் இருக்கிறது.

2024 இறுதியில் குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்ய புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். சேர்க்கைப் படிவத்தை நிரப்பிய இளம் மருத்துவர், “முன்பு ஏதாவது நோய் இருந்ததா?” என்று கேட்டார். இவர் உண்மையைச் சொன்னார். படிவத்தில் ‘காசநோய்’ என்று மட்டும் விழுந்தது. ஆண்டு இல்லை, சிகிச்சை முடிந்தது என்ற குறிப்பும் இல்லை. மார்பு எக்ஸ்ரேயில் தழும்பு தெரிந்ததும் அறுவைச் சிகிச்சையைத் தள்ளி வைத்து, தனி அறைக்கு மாற்றி, சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சந்தேகம் வந்தால் பரிசோதிப்பது சரி. அதில் எனக்குக் குறை இல்லை. ஒருவருக்குக் காசநோய் திரும்பவும் வரலாம். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அறுவைச் சிகிச்சையும் நல்லபடியாக நடந்தது.

ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில், ‘நோன் கேஸ்’ (known case, அதாவது ஏற்கெனவே அறிந்த நோய்கள்) என்ற தலைப்புக்குக் கீழே ரத்த அழுத்தம், காசநோய், சிறுநீரகக் கல் மூன்றும் ஒரே வரியில் நின்றன. பரிசோதனையில் கிருமி இல்லை என்று அவர்களே கண்டறிந்த பிறகும் சேர்க்கைப் படிவத்து வரி அப்படியே இறங்கியிருந்தது. கணினியில் முதல் நாள் எழுதியதை அடுத்த நாள் நகலெடுத்து ஒட்டுவார்களாம். யாரும் திரும்பப் படிப்பதில்லை. சிறுநீரகக் கல் 2012-இல் தானாகவே வெளியே வந்துவிட்டது. ஆக மூன்றில் அப்போது உண்மையில் இருந்தது ரத்த அழுத்தம் ஒன்றுதான்.

அந்தச் சம்மரி போகுமிடமெல்லாம் பேசியது. பல் பிடுங்கப் போன இடத்தில் பல் மருத்துவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு பேசினார். மகன் 2021-இல் எடுத்துக் கொடுத்த காப்பீட்டு பாலிசியில் பணம் கேட்டபோது, காசநோயை ஏன் மறைத்தீர்கள் என்று கடிதம் வந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் கொண்டுவந்த விதிகளின்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் கண்டறிந்த அல்லது சிகிச்சை பெற்ற நோய்தான் ‘முன்பே இருந்த நோய்’. 2008-இல் வந்து தீர்ந்தது அதில் சேராது. ஆனால் சம்மரியில் ஆண்டு இல்லையே! ஆண்டு இல்லாத நோய், படிப்பவர் கண்ணுக்கு நேற்று வந்த நோய்தான்.

பணியிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தேன். வில்லங்கச் சான்று எடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அடமானக் கடனைப் பைசா பாக்கியில்லாமல் அடைத்திருப்பார்கள். ஆனால் அடைத்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். சான்றில் கடன் உயிரோடு நிற்கும். வீட்டை விற்கப் போகும் நாளில் வாங்குபவர் பின்வாங்குவார். ரசீது பதிவாகியிருந்தால் அடமானமும் தெரியும், அது தீர்ந்ததும் தெரியும். யாருக்கும் குழப்பம் இல்லை. என் கணவரின் நுரையீரலுக்கு அந்த ரசீதைப் பதிந்து கொடுத்தது இந்தக் கிளினிக்தான்.

டாக்டர் அம்மா பீரோ அட்டையை வாங்கி, எழுத்தெழுத்தாகப் படித்து, 2008 எக்ஸ்ரேயையும் புதிய எக்ஸ்ரேயையும் விளக்குப் பெட்டியில் அருகருகே மாட்டி எங்களுக்குக் காட்டினார். தழும்பு அப்போது இருந்த இடத்திலேயே அதே அளவில் இருந்தது. பிறகு புதுச்சேரி மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு அவற்றைப் பாதுகாக்கவும் வேண்டும். அந்த விதியைக் குறிப்பிட்டு நான் மனு எழுதினேன். மருத்துவமனை பழைய சம்மரியை அழிக்காமல், தேதியும் கையொப்பமும் போட்டுத் திருத்தக் குறிப்பு ஒன்றை இணைத்துக் கொடுத்தது. அழித்து எழுதாததே சரியான முறை. முதலில் என்ன எழுதினார்கள், பிறகு எப்போது யார் திருத்தினார்கள் என்பது இரண்டும் தெரிய வேண்டும். காப்பீட்டுப் பணமும் வந்து சேர்ந்தது.

இதைப் படிக்கும் சிலருக்கு, பழைய நோயைச் சொல்லாமலே இருந்துவிட்டால் தொல்லை இல்லையே என்று தோன்றலாம். அது ஆபத்து. அந்தத் தழும்பைப் பற்றித் தெரியாத மருத்துவர், எக்ஸ்ரேயைப் பார்த்து வேறு எதையோ சந்தேகித்துப் பரிசோதனை மேல் பரிசோதனை எழுதுவார். சொல்ல வேண்டும், முடிந்த நோய் என்று ஆண்டோடு சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. அதையும் இந்தக் கிளினிக்கில்தான் பார்த்தேன். ரத்த அழுத்தம் பற்றிக் கேட்டபோது என் கணவர், “முன்பு இருந்தது, டாக்டர். இப்போது இல்லை” என்றார். அங்கே அளந்ததில் 130-க்கு 80 இருந்தது.

“மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ஐயா?”

“தினமும் காலையில் ஒன்று.”

“நிறுத்தினால் ஏறிவிடும் அல்லவா? அப்படியானால் அது இருக்கிறது. மாத்திரையால் அடங்கியிருக்கிறது.”

இடப்பக்கத்தில், ‘உயர் ரத்த அழுத்தம். 2015 முதல். அம்லோடிபின் 5 மில்லிகிராம். கட்டுப்பாட்டில் உள்ளது’ என்று எழுதினார். நம் ஊரில் எத்தனை பேர் மாத்திரையில் சர்க்கரை இறங்கியதும், “எனக்கு சர்க்கரை போய்விட்டது” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்! அடுத்த மருத்துவரிடமும் அதையே சொல்கிறார்கள். அவரும் எழுதாமல் விடுகிறார். அறுவைச் சிகிச்சை மேசையில்தான் உண்மை வெளியே வருகிறது.

என் அண்ணனுக்கு 2019-இல் பக்கவாதம் வந்தது. பிழைத்து எழுந்தார், இடது கையில் பிடிமானம் மட்டும் இன்றுவரை சரியில்லை. அவர் கோப்பில் பக்கவாதம் வலப்பக்கமும், இடது கைப் பலவீனம் இடப்பக்கமும் இருக்கின்றன. ஒரே நோயை இரண்டு பக்கத்திலும் எழுத வேண்டுமா என்று அவர் மகளிடம் கேட்டேன். அவள் சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கிறாள். அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளைப் படித்துக் குறியீடு போடுவது அவள் தொழில்.

“அத்தை, இதற்குத்தான் எங்களுக்குச் சம்பளமே” என்றாள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-இல், ரத்தக் குழாய் அடைத்து இப்போது வந்திருக்கும் பக்கவாதத்துக்குக் குறியீடு ஐ63. அது முடிந்து அதன் குறை மட்டும் நின்றால் ஐ69. மாரடைப்பு என்றால் 4 வாரம்வரை ஐ21. பழைய மாரடைப்புக்கு ஐ25.2. நுரையீரல் காசநோய், கிருமி உறுதியானால், ஏ15. அதன் பின்விளைவுக்கு பி90. முன்பு தொற்றுநோய் வந்து போனது என்ற வரலாற்றை மட்டும் குறிக்க இசட்86.1. “டாக்டர் வெறுமனே ‘பக்கவாதம்’ என்று எழுதிவிட்டால் நாங்கள் ஊகிக்கக் கூடாது. திருப்பிக் கேட்டு எழுத வேண்டும்.” இத்தனை தெளிவாகக் குறியீடு வகுத்து வைத்திருக்கிறார்கள். நம் ஊர் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆண்டைக்கூட எழுதுவதில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

டாக்டர் அம்மாவிடம் இந்தக் கோப்பு முறை உங்கள் யோசனையா என்று கேட்டேன். இல்லை என்றார். 1968-இல் லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர், நோயாளியின் ஒவ்வொரு பிரச்சினைக்கும் எண் கொடுத்துத் தேதியோடு பட்டியலிட வேண்டும் என்று எழுதினாராம். அதைத் தமிழ் தெரிந்த நோயாளியும் படிக்கும்படி தான் மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்.

என் கோப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கருப்பையில் கட்டி இருந்து, 2011-இல் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் இரண்டு இடங்களில் என் சீட்டில் ‘கருப்பைக் கட்டி’ தொடர்ந்து இருந்தது. இல்லாத உறுப்பில் நோய்! இங்கே வலப்பக்கத்தில் கட்டி, அதன் கீழே அறுவைச் சிகிச்சை, ‘சினைப்பைகள் எடுக்கப்படவில்லை’ என்ற குறிப்பு. இந்தக் கடைசிக் குறிப்பு எவ்வளவு முக்கியம் என்று பெண்களுக்குத் தெரியும். மேலட்டையில் என் ஒவ்வாமை: ‘சல்பா மாத்திரை. உடம்பெல்லாம் தடிப்பு, வாயில் புண்.’ மருந்தின் பெயரை மட்டும் எழுதாமல் என்ன ஆனது என்றும் எழுதியிருக்கிறார்கள். வயிற்றுப் புரட்டலையும் ஒவ்வாமை என்று சொல்பவர்கள் இருப்பதால் அந்த விவரம் தேவை.

பண்ருட்டியில் இருக்கும் என் தங்கை மகளுக்குக் கர்ப்பகாலத்தில் சர்க்கரை ஏறியது. பிரசவத்துக்குப் பின் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்ததில் சரியாக இருந்தது. அவளுக்கு அது வலப்பக்கம்தான். ஆனால் பக்கத்திலேயே, ‘பிற்காலத்தில் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம். தவறாமல் பரிசோதிக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறது.

இந்தக் கோப்பின் பாதிப் பெருமை அங்குள்ள மூத்த நர்ஸுக்கு உரியது. நோய் வந்த ஆண்டு யாருக்குத்தான் நினைவிருக்கிறது? அவர் கேட்கும் விதமே தனி. தேவனாம்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், நெஞ்சு வலி வந்தது ‘ரொம்ப நாள் முன்பு’ என்றார். “சுனாமிக்கு முன்பா, பின்பா, ஐயா?” பின்பு. “தானே புயலுக்கு?” பெரியவர் உடனே நிமிர்ந்தார். “புயலில் படகு போனது. அடுத்த மாசி மகத்துக்கு ஊரே கடலுக்குப் போனபோது நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.” நர்ஸ், ‘2012, மாசி’ என்று எழுதினார். தானே 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கரை கடந்தது. கடலூர்க்காரர் யாருக்கும் அந்த நாள் மறக்காது. 2004 சுனாமி, தானே, 2015 வெள்ளம் ஆகிய மூன்றையும் வைத்தே அவர் பாதி ஊரின் நோய் வரலாற்றுக்குத் தேதி போட்டுவிடுகிறார்.

அதே காட்சியில் ஒரு குறையும் இருக்கிறது. இந்தக் கேள்விகளைக் காத்திருக்கும் கூடத்திலேயே மேசை போட்டுக் கேட்கிறார்கள். பெரியவர் சொன்னது எனக்குக் கேட்டது போலவே என் கணவரின் காசநோயும் பிறர் காதில் விழுந்திருக்கும். ஒரு மறைப்புத் துணியாவது கட்ட வேண்டும். நான் நேரில் சொல்லியிருக்கிறேன், இன்னும் கட்டவில்லை. இளம்பெண்கள் கூடத்தில் வைத்து எதைச் சொல்வார்கள்? பாதியை மறைப்பார்கள், கோப்பும் பாதியாகிவிடும்.

மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. அண்ணனை ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். கேட்டால் நர்ஸ் கீழே மருந்துக் கடைக்கே இறங்கி வந்து பதிவு எடுக்கிறார், அது நல்ல மனசு. ஆனால் கீழ்த்தளத்தில் ஓர் அறை இருந்தால் அந்தச் சிரமம் இராது.

எல்லாம் கையெழுத்தில் இருப்பதும் ஒரு குறைதான். 2020 ஆகஸ்ட் 15-இல் மத்திய அரசு டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தின் முன்னோட்டத்தைத் தொடங்கிய யூனியன் பிரதேசங்களில் பக்கத்துப் புதுச்சேரியும் ஒன்று. இப்போது அத்திட்டத்தின் சுகாதாரக் கணக்கு எண்ணான 14 இலக்க ஆபா எண் பலரிடம் இருக்கிறது. அதில் பதிவுகள் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கணினி வடிவத்தில், ஒவ்வொரு நோய்க்கும் நடப்பில் இருக்கிறதா, தணிந்திருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று குறிக்க இடம் இருக்கிறது. கிளினிக்கில் ஆபா எண்ணைக் கோப்பின் மூலையில் எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இந்த இரண்டு பக்கங்களும் அந்த வடிவத்தில் ஏறினால், புதுச்சேரி மருத்துவர் திறக்கும்போதே 2008 என்று அவர் கண்ணில் படும். தவறான வரி ஏறினால் அதுவும் அதே வேகத்தில் ஊர் ஊராகப் போகும் என்பதால், ஏற்றும் வேலை இப்படிக் கேட்டுக் கேட்டு எழுதுகிறவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. டாக்டர் அம்மா கணினி வாங்கும் எண்ணத்தில் இருக்கிறார்.

முதல் பதிவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அவசரமாக ஊசி போட்டுக்கொண்டு ஓட நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. கோப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஜெராக்ஸ் காசு மட்டும். ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு பக்கத்தையும் நம்மோடு உட்கார்ந்து திரும்பப் படிக்கிறார்கள். சென்ற முறை என் கணவரின் கோப்பை அப்படிப் படித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

முதல் முறை போகிறவர்கள் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, தடுப்பூசிச் சீட்டு எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள். வயதானவர்களோடு வீட்டு விவரம் தெரிந்த ஒருவர் போவது நல்லது. புதுக் கோப்பு காலையில் மட்டுமே திறக்கிறார்கள். மாலையில் பழைய நோயாளிகளுக்குத்தான் டோக்கன். ஞாயிறு விடுமுறை.